நீண்ட ஆங்கிலச் சொல் வாயில் சிக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூலை பிறந்துவிட்டால், சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஆங்கிலப் பத்திகளை உரக்க வாசிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கில வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட்டில் வருகிறது. 2025 முதல் அதற்கு 40 மதிப்பெண். அதில் வாய்விட்டு வாசிப்பதற்கு மட்டும் 15. பத்தி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் நீளமான பெயரடை ஒன்று வரும், பிள்ளை நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் அம்மாவோ தாத்தாவோ உடனே சொல்வது: "மெதுவா, எழுத்துக் கூட்டிப் படி."

தமிழுக்கு அது நல்ல அறிவுரை. ஆங்கிலத்தில் எழுத்தைக் கூட்டினால் ஒலி வராது, குழப்பம்தான் கூடும். எந்த இடத்தில், எந்த விதமாகச் சிக்குகிறது என்று கவனித்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும். அதற்காக ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எல்லாக் கோளாறுகளையும் அதிலேயே காட்டுகிறேன்: இன்கொம்ப்ரிஹென்ஸிபல். 'புரிந்துகொள்ள முடியாத' என்று பொருள்.

முதலில் சொல் எப்படி இருக்க வேண்டும்?

எழுத்துகள்: ஐ, என், சி, ஓ, எம், பி, ஆர், இ, எச், இ, என், எஸ், ஐ, பி, எல், இ. மொத்தம் 16. இரண்டு பி இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது பேனாவின் பி, அடுத்தது பஸ்ஸின் பி.

ஒலியை வைத்துப் பிரித்தால்: இன் – கொம் – ப்ரி – ஹென் – ஸி – பல். ஆறு அசை. முக்கிய அழுத்தம் ஹென் மேல். அதைவிடக் குறைந்த அழுத்தம் கொம் மேல். மற்ற நான்கும் இலேசாக வந்து போகும்.

பொருளை வைத்துப் பிரித்தால்: இன் + கொம்ப்ரிஹென்ஸ் + இபல். மூன்று உறுப்பு. முன்னால் எதிர்மறை, நடுவில் பகுதி, கடைசியில் 'முடிகிற, தக்க' என்ற பொருள் தரும் விகுதி.

இந்த இரண்டு பிரிப்பும் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. பொருள் கணக்கில் எஸ் என்ற எழுத்து பகுதியோடு நிற்கிறது. ஒலிக் கணக்கில் அது தாவி அடுத்த அசைக்குப் போய் ஸி ஆகிறது. வாய்க்கு முதல் பிரிப்பு, எழுதுவதற்கும் பொருள் தேடுவதற்கும் இரண்டாவது. ஒன்று வேண்டிய இடத்தில் மற்றதைப் போடுவதால்தான் கீழே வரும் கோளாறுகளில் பாதி வருகிறது.

அறிகுறி: அசை எத்தனை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை

தாத்தா நான்கு என்பார், அம்மா ஐந்து என்பார், பிள்ளை ஆறு என்று கைதட்டிக் காட்டும்.

தாத்தா யாப்பு படித்தவர். அவர் காதில் இன், கொம்ப், ரிஹென், ஸிபல் என்று விழுகிறது: நேர், நேர், நிரை, நிரை. வெண்பாவுக்கு அது சரியான கணக்கு. ஆனால் ஆங்கிலம் இரண்டு குறிலை இணைத்து நிரையசை ஆக்காது. ஓர் உயிரொலி வந்தால் ஓர் அசை, அவ்வளவுதான்.

தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கைவசம் வேறொரு வழி இருக்கிறது. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் ஒற்றை நீக்கிவிட்டு எழுத்து எண்ணுவார்கள் இல்லையா, நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று? அதே போல எண்ணுங்கள். சொல்லைத் தமிழில் எழுதி, புள்ளி வைத்த எழுத்தையெல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது இ, கொ, ரி, ஹெ, ஸி, ப. ஆறு. ஆங்கில அசையும் ஆறு.

ஒரு நிபந்தனை உண்டு. நாம் தமிழுக்காகச் சேர்க்கும் உயிரைக் கணக்கில் எடுக்கக்கூடாது. போர்டு, கார்டு என்று எழுதுகிறோம். அந்தக் கடைசி உகரம் ஆங்கிலத்தில் கிடையாது, இரண்டுமே ஓரசைச் சொற்கள். ஸ்கூலை இஸ்கூல் என்றால் அங்கேயும் ஒன்று கூடிவிடும்.

அம்மாவுக்கு ஐந்து வந்தது வேறு காரணத்தால். 'சொல்லின் கடைசியில் வரும் இ ஊமை, அதை எண்ணாதே' என்று பள்ளியில் படித்திருப்பார். ஐ, ஓ, இ, இ, ஐ என்று எண்ணி நிறுத்திவிட்டார். விதி சரிதான், அந்த இ ஊமைதான். ஆனால் மெய்யெழுத்துக்குப் பின்னால் எல், இ என்று முடிந்தால் அங்கே எல் தானே ஓர் அசையைச் சுமக்கும். டேபிள், லிட்டில், நாம் நாளைக்கு நூறு தடவை கூப்பிடும் அங்கிள், எல்லாம் இரண்டசை. அதனால் இந்தச் சொல்லுக்கு ஆறாவது அசை அந்த வாலில் இருக்கிறது.

அறிகுறி: 'கொம்ப்' என்று நின்று, 'ரி' தனியாக விழுகிறது

வெட்டு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. அதனால் நம் காது ப் என்ற ஒற்றை முந்திய அசையோடு ஒட்டிவிட்டு, ரியை மட்டும் அடுத்ததற்குக் கொடுக்கிறது.

நன்னூலில் மொழிமுதல் எழுத்துகள் என்று ஒரு பட்டியல் படித்திருப்போம். ஆங்கிலத்துக்கும் அப்படி எழுதப்படாத பட்டியல் ஒன்று இருக்கிறது. அசை வெட்டுவதற்கு அதுதான் சோதனை. நடுவில் மெய்கள் குவிந்திருந்தால், அவற்றில் எத்தனை சேர்ந்து ஓர் ஆங்கிலச் சொல்லைத் தொடங்க முடியும் என்று பாருங்கள். ம்ப்ர என்று எந்தச் சொல்லும் தொடங்காது. ப்ர தொடங்கும்: ப்ரைஸ், ப்ரைம், ப்ரெஸ். ஆகவே ம் பின்னால் தங்கிவிடும், ப்ர முன்னால் போகும். கொம் – ப்ரி. ஹென்ஸியிலும் அப்படித்தான். ன்ஸ என்று தொடங்கும் சொல் இல்லை, ஸ தொடங்கும். ஹென் – ஸி.

சோதனை தெரிந்தாலும் வாய் பழகவில்லை என்றால் வாலிலிருந்து கட்டுங்கள். பல். ஸிபல். ஹென்ஸிபல். ப்ரிஹென்ஸிபல். கொம்ப்ரிஹென்ஸிபல். கடைசியாக இன். முன்னாலிருந்து கட்டினால் தெரிந்த இடத்தில் தொடங்கித் தெரியாத இடத்தில் போய் விழுகிறோம். பின்னாலிருந்து கட்டினால் ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே பழகிய பகுதியில் போய் முடிகிறோம், தயக்கம் வாலில் வராது.

அறிகுறி: எல்லா அசையும் ஒரே கனத்தில், அல்லது முதல் அசையிலேயே குரல் ஏறிவிடுகிறது

இதுதான் பெரிய கோளாறு. மற்ற எல்லாவற்றையும் சரிசெய்து இதை விட்டுவிட்டால் சொல் இன்னமும் ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும். இதைச் சரிசெய்தால் மற்றவற்றில் இரண்டு மூன்று தானாகவே விலகிவிடும்.

இரண்டு விதமாக வருகிறது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் முதல் அசையில் குரலை ஏற்றுவார்கள். தமிழில் சொல்லின் தலை கொஞ்சம் எடுப்பாக இருக்கும் பழக்கம் அப்படியே வருகிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ ஆறு அசைக்கும் சமமான நேரம் கொடுப்பார்கள். சிங்கப்பூர் ஆங்கிலத்தின் தாளமே அதுதான். காப்பிக்கடையில் அந்தத் தாளத்தில் பேசினால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை, சொல்லப்போனால் அதுதான் அழகு. நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000இல் தொடங்கியதிலிருந்து இதைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை. தேர்வில் வாசிக்கும்போது மட்டும் தாளத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும் என்பது என் கட்சி.

சரி, எப்படி மாற்றுவது? அழுத்தம் என்றால் சத்தம் போடுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 'ஹென்' என்று கத்துவார்கள், மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும். நீளமும் குரல் ஏற்றமும் முக்கியம். அதைவிட முக்கியம் மற்ற அசைகளைக் குறைப்பது. குறைப்பது என்பது நமக்குப் புதிதல்ல. 'பசு' என்பதில் உகரம் முழுசாக ஒலிக்கிறது. 'பாட்டு' என்பதில் அதே உகரம் அரை மாத்திரையாகக் குறுகிவிடுகிறது. குற்றியலுகரம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் இந்தக் குறுக்கத்தை அழுத்தமில்லாத எந்த உயிருக்கும் செய்துவிடும். அகராதியில் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஆங்கில இ போன்ற குறி ஒன்று வருமே, அது அப்படிக் குறுகிப்போன ஓர் அகரம்தான். நம் சொல்லில் அது ஸியிலும் பல்லிலும் ஒளிந்திருக்கிறது. ஸியின் இகரத்தைத் தெளிவாகச் சொல்லத் தேவையில்லை, சொல்லாமல் விட்டால்தான் இயல்பு.

கொம் ஏன் குறுகவில்லை என்று கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும். நல்ல கேள்வி. கம்ப்யூட்டர், கம்ப்ளீட், கம்பீட் இவற்றிலெல்லாம் அதே சி, ஓ, எம் எழுத்துகள்தான், ஆனால் 'கம்' என்று குறுகி ஒலிக்கிறது. காரணம், முக்கிய அழுத்தம் உடனே அடுத்த அசையில் வருகிறது. இரண்டு அழுத்தம் ஒட்டி நிற்பதை ஆங்கிலம் விரும்பாது, முந்தியதை அமுக்கிவிடும். அழுத்தம் ஓர் அசை தள்ளிப் போனால் கொம்முக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. கம்பீட் என்ற வினை கொம்பெட்டிஷன் ஆகும்போது அழுத்தம் டிக்குப் போய்விடுகிறது, கம் உடனே கொம் ஆகிறது. நம் சொல்லில் கொம்முக்கும் ஹென்னுக்கும் நடுவில் ப்ரி இருக்கிறது, அதனால் கொம் முழுசாக நிற்கிறது. இன்கம்பாட்டிபல் என்ற சொல்லில் அழுத்தம் பா மேல், கொம்முக்கு அடுத்தே வந்துவிட்டது. அதனால் அங்கே கம். இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். விதியைவிட இது வேகமாக வாயில் ஏறும்.

அழுத்தம் எந்த அசை என்று மறந்துபோகிற சின்னப் பிள்ளைக்கு: சொல்லுக்குள் ஒரு கோழி இருக்கிறது. ஹென். அதை மிதிக்காமல் தாண்ட முடியாது.

அறிகுறி: அகராதியைப் பார்த்தும் அழுத்தம் தவறான இடத்தில்

அகராதியில் மேலே ஒரு சின்னக் கோடு நிற்கும். அது முக்கிய அழுத்தம். கீழே ஒரு கோடு, அது இரண்டாம் அழுத்தம். இன்றைய அகராதிகள் பெரும்பாலும் அந்தக் கோட்டை அசைக்கு முன்னால் போடுகின்றன. பின்னால் போட்டிருப்பதாக நினைத்துப் படித்தால் ஹென் மேல் விழ வேண்டியது ப்ரி மேல் விழும். கோட்டுக்கு வலப்பக்கம் பாருங்கள், முடிந்தது.

அறிகுறி: 'இங்கொம்ப்ரி' என்பது 'அங்கே', 'கம்பி' மாதிரி ஒலிக்கிறது

மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். பங்கு, கம்பி, பந்து, இவற்றில் க, ப, த எதுவுமே சொல்லின் முதலில் வரும்போது இருக்கும் உறுதியோடு இல்லை. நமக்கு அது அனிச்சையாகவே நடப்பதால் இந்தச் சொல்லில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறோம்: என் எழுத்துக்குப் பின் வரும் சி, எம் எழுத்துக்குப் பின் வரும் பி.

'இன்' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள். அப்புறம் 'கோப்பி' என்று தொடங்கப்போவது போலக் கொம் சொல்லுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் க வரும்போது காற்று படும். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கொம், ப்ரைஸ், கொம், ப்ரி, கொம்ப்ரி. பிக்கும் அதே வழிதான்.

இன் என்பது இங் என்று மாறினால் அதைத் திருத்தாதீர்கள். க ஒலிக்கு முன்னால் அப்படி மாறுவது ஆங்கிலேயருக்கும் இயல்பு. க மெலியாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: ஹ காணாமல் போய் 'ப்ரியென்' ஆகிவிடுகிறது

தமிழில் ஹ கடன் எழுத்து, தாத்தா பாட்டி தலைமுறையில் அது எளிதாக நழுவும். ஆங்கிலத்திலும் ஹ நழுவும் இடங்கள் உண்டு என்பதுதான் வேடிக்கை. அங்கே அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: அழுத்தமுள்ள அசையின் தலையில் இருந்தால் ஹ ஒலிக்கும், அழுத்தம் விலகிவிட்டால் பலவீனமாகும், சில சொற்களில் மறைந்தே போகும். ப்ரஹிபிட் என்ற வினையில் அழுத்தம் ஹி மேல், ஹ தெளிவாகக் கேட்கும். அதுவே ப்ரோஇபிஷன் என்று பெயராகும்போது அழுத்தம் பிக்குப் போய்விடுகிறது, எழுத்தில் எச் இருந்தும் ஒலியில் இல்லை. வீஇக்கல் என்று வாகனத்தைச் சொல்லும்போதும் அதே கதை.

நம் சொல்லில் ஹ உட்கார்ந்திருப்பது முக்கிய அழுத்தத்தின் தலையில். எனவே அதை விடக்கூடாது. அழுத்தத்தை முதலில் சரிசெய்தால் ஹ பெரும்பாலும் தானே வந்துவிடும். அழுத்தமில்லாமல் ஹவை மட்டும் இழுத்துக் கொண்டுவந்தால் இருமுவது போல இருக்கும்.

அறிகுறி: வால் 'பில்' என்றோ 'போ' என்றோ முடிகிறது

பெரியவர்கள் பில் என்பார்கள், பிள்ளைகள் போ என்பார்கள். பெரியவர்களுடையது எழுத்துப் பழக்கம்: டேபிள் என்று தமிழில் எழுதி எழுதி அந்த இகரம் நிலைத்துவிட்டது. பிள்ளைகளுடையது சிங்கப்பூர்ப் பழக்கம்: சொல்லின் கடைசியில் வரும் ல் இங்கே பலர் வாயில் ஓகாரம் போலவோ உகரம் போலவோ கரைந்துவிடும்.

பஸ்ஸின் ப ஒலியோடு 'பல்' என்று மிகக் குறுக்கமாகச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் போய்த் தொட்டு அங்கேயே நிற்க வேண்டும். பிள்ளை சொல்லி முடித்ததும் வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலே ஒட்டியிருந்தால் சரி, கீழே கிடந்தால் போ.

அறிகுறி: சொல்வது சரி, எழுதினால் தவறு

ஒலி குறுகிவிட்டதால் கடைசியில் ஏ, பி, எல், இ எழுதுவதா, ஐ, பி, எல், இ எழுதுவதா என்பது காதுக்குத் தெரியாது. இங்கே ஒலிப்பிரிப்பு கைகொடுக்காது. பொருள்பிரிப்புக்கு வாருங்கள்.

விகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனித்து நிற்கும் ஆங்கிலச் சொல்லா? டிபெண்ட், அண்டர்ஸ்டாண்ட் என்று முழுச்சொல் மிஞ்சினால் பெரும்பாலும் ஏ. கொம்ப்ரிஹென்ஸ் என்று அரைகுறையாக மிஞ்சினால் பெரும்பாலும் ஐ. ஃப்ளெக்ஸிபல், அக்ஸெஸிபல் போன்றவை இந்த விதியை மீறும், அவற்றில் முழுச்சொல் மிஞ்சினாலும் ஐதான்.

இதைவிட நம்பகமானது பெயர்ச்சொல்லைத் தேடுவது. பெயர் 'ஏஷன்' என்று முடிந்தால் ஏ: அடாப்டேஷன், அடாப்டபல், இமாஜினேஷன், இமாஜினபல். ஏகாரம் இல்லாமல் வெறும் 'ஷன்' அல்லது 'ஷ்ஜன்' போல முடிந்தால் ஐ: பெர்மிஷன், பெர்மிஸிபல், டிவிஷன், டிவிஸிபல். நம் சொல்லுக்குப் பெயர் கொம்ப்ரிஹென்ஷன். சிங்கப்பூரில் பள்ளி போகும் எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை, வினாத்தாளில் பார்த்துப் பார்த்து வெறுத்திருக்கும். அதே எஸ், ஐ இங்கேயும் வருகிறது என்று காட்டினால் போதும். ப்ரிடிக்டபல், சென்ஸிபல் இரண்டும் விதிவிலக்கு. ஐபிஎல் என்று நினைவு வைக்கலாமா என்று ஒரு கிரிக்கெட் பைத்தியம் கேட்கும். வைக்கலாம், ஆனால் அந்த பி பேனாவின் பி. அதையும் எழுதிவைத்துவிடப் போகிறது.

வினை கொம்ப்ரிஹெண்ட், கடைசியில் டி. பெயரடையில் அந்த டி எங்கே போனது? பகுபத உறுப்புகள் ஆறில் பவணந்தியார் விகாரம் என்று ஒன்றைச் சொல்கிறாரே, வந்தான் என்பதில் வா என்ற பகுதி வ என்று குறுகுவது, அது மாதிரிதான். இந்த விகுதிக்கு முன்னால் டி எஸ் ஆகிறது. டிஃபெண்ட், டிஃபென்ஸிபல், ரெஸ்பாண்ட், ரெஸ்பான்ஸிபல். லத்தீனிலேயே நடந்த மாற்றம், ஆங்கிலம் அப்படியே வாங்கிக்கொண்டது. டிபெண்டபல் போன்றவை ஆங்கிலத்துக்குள்ளேயே ஏ விகுதி சேர்த்து உருவானவை, அதனால் டி அப்படியே நிற்கிறது.

அறிகுறி: முன்னால் 'அன்' போட்டுவிடுகிறது

அன்கொம்ப்ரிஹென்ஸிபல் என்று பிள்ளை எழுதினால் பொருள் புரியும், ஆனால் வழக்கு அதுவல்ல. லத்தீன் வழியில் வந்த பெயரடைகள் பெரும்பாலும் இன் எடுக்கும். இன் அடுத்து வரும் ஒலிக்கேற்ப உருவம் மாறும்: இம்பாஸிபல், இல்லீகல், இர்ரெஸ்பான்ஸிபல். மரம் என்பது கள் சேரும்போது மரங்கள் ஆவது போன்ற சந்திதான் இது. அன் மாறாது: அன்பாப்புலர், அன்லக்கி.

அன்கொம்ப்ரிஹெண்டிங் என்று ஒரு சொல் உண்டு, அதையும் அடித்துவிடாதீர்கள். அது ஆளைப் பற்றியது, புரியாமல் விழிக்கிறவர். இன்கொம்ப்ரிஹென்ஸிபல் என்பது விழிக்க வைக்கும் பொருளைப் பற்றியது.

அறிகுறி: பிரிக்கத் தெரிகிறது, பொருள் மட்டும் தவறுகிறது

இரண்டு பொறி. முதலாவது கொம்ப்ரிஹென்ஸிவ். கார் காப்புறுதி எடுக்கும்போது அப்பா அடிக்கடி சொல்லும் சொல், எல்லாவற்றையும் உள்ளடக்கியது என்று பொருள். பிள்ளை 'எளிதில் புரிகிற விளக்கம்' என்று எழுத நினைத்து இதைப் போட்டுவிடும். விகுதி ஒன்று மாறினால் பொருள் வேறு.

இரண்டாவது, நடுவில் இருக்கும் ப்ரி. 'முன்' என்று பொருள் தரும் முன்னொட்டு என்று நினைத்து, 'முன்கூட்டியே புரியாதது' என்று புதுப்பொருள் கண்டுபிடிப்பார்கள். ஒலிப்பிரிப்பில் தனியாக நின்றதைப் பொருள்பிரிப்புக்கும் இழுத்துக்கொண்டு வந்ததன் விளைவு இது. லத்தீனில் ப்ரிஹெண்டெரே என்பது 'பிடி, பற்று' என்ற ஒரே வினை. வெகு பழைய காலத்தில் அங்கே முன்னொட்டு இருந்தது உண்மைதான், ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே கரைந்துபோய்விட்டது. போலீஸ் ஆளைப் பிடித்தால் அப்ரிஹெண்ட். குரங்கு கிளையைப் பற்றும் வாலுக்கு ப்ரிஹென்சைல். ப்ரிஸன் என்ற சிறைகூட பிரெஞ்சு வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். இந்தக் குடும்பத்தைக் காட்டினால் நடுப்பகுதியை வெட்டக்கூடாது என்று பிள்ளைக்குத் தானே தெரியும்.

அறிகுறி: பின்னால் ஒட்டு சேர்ந்ததும் எல்லாம் குலைகிறது

வினையடையாக்கினால் இன்கொம்ப்ரிஹென்ஸிப்ளி. பல் போய் ப்ளி வருகிறது. அசை அதே ஆறு, அழுத்தமும் அதே ஹென். 'ஸிபல்-லி' என்று ஏழாக்க வேண்டாம்.

பெயராக்கினால் இன்கொம்ப்ரிஹென்ஸிபிலிட்டி. இங்கே அசை எட்டு. முக்கிய அழுத்தம் பி மேல் தாவிவிடும். 'இட்டி' என்ற விகுதி எப்போதும் தனக்கு முந்திய அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். கோழி இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடும்.

அறிகுறி: ஓர் அகராதிக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகவில்லை

பதற்றப்பட வேண்டாம். அமெரிக்க அகராதியில் கொம் காம் ஆகும். ஹென்ஸில் ன், ஸ் நடுவே ஒரு மெல்லிய ட் நுழையலாம் என்றும் சில அகராதிகள் காட்டும். இங்கே பள்ளிகளில் பிரிட்டிஷ் முறைதான் பழக்கம், கொம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளி வேறு விஷயம். அது வரியின் ஓரத்தில் சொல்லை உடைக்கலாம் என்று அச்சகத்துக்குச் சொல்லும் குறி. அதில் அமெரிக்கர்கள் ஒலிக்கும் பிரிட்டிஷார் சொல்லின் அமைப்புக்கும் முன்னுரிமை கொடுப்பது பழைய வழக்கம். நாலெட்ஜ் என்ற சொல்லை உடைக்கும்போது எல் எழுத்தை அமெரிக்கர்கள் முன்பாதிக்குக் கொடுப்பார்கள், பிரிட்டிஷார் பின்பாதிக்கு. வாசிப்பவருக்கு அந்தப் புள்ளி தேவையே இல்லை. ஒலிக்குறியை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: தனியாகச் சொன்னால் சரி, பத்தியில் வந்தால் நிற்கிறது

கண் சொல்லை எட்டும்போது வாயும் அதே இடத்தில் இருப்பதால் வரும் கோளாறு. கண் இரண்டு மூன்று சொல் முன்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்கு, பெயரடையை அதற்குப் பின்னால் வரும் பெயரோடு சேர்த்துப் பழக்குங்கள். 'இன்கொம்ப்ரிஹென்ஸிபல் மெஸேஜ்' என்று இரண்டையும் ஒரே மூச்சில். முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' என்ற சின்னச் சொல் வந்தால் அதன் ன் அடுத்த இகரத்தோடு ஒட்டி 'அனின்' என்று போகட்டும். உடல் + உயிர் உடலுயிர் ஆவது போல. அந்த இடத்தில் நிறுத்தித் தனித்தனியாகச் சொல்வதுதான் திணறல் போலக் கேட்கிறது.

பென்சிலால் ஹென்னுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டுப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தேர்வில் கோடு போட முடியாது என்பதால், இரண்டாம் முறை வாசிக்கும் முன் அதை அழித்துவிடுங்கள். பிறகு இர்ரெஸ்பான்ஸிபல், இன்டிஃபென்ஸிபல், இன்அட்மிஸிபல் மூன்றையும் அதே பத்தியில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் அசை ஐந்து, அழுத்தம் மூன்றாவதில்.